வரி ஏட்டின் வாயில்: சிறு வணிகரும் ஐந்து இலட்சம் வெள்ளி வரம்பும்

வரியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் விழுக்காட்டைப் பற்றியே பேசுகின்றனர். நூற்றுக்கு ஆறா, எட்டா, பத்தா என்பதே வாதமாக அமைகிறது. ஆனால் கடை வைத்துப் பிழைக்கும் சிறு வணிகருக்கு அதனினும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. அரசின் வரி ஏட்டில் தம் பெயர் ஏற வேண்டுமா, வேண்டாவா என்பதே அக்கேள்வி. பெயர் ஏறிய நாள் முதல் அவர் வணிகராக மட்டும் இருப்பதில்லை. மக்களிடம் வரி தண்டி, கணக்கு எழுதி, தவணை தவறாமல் அரசுக்குச் செலுத்தும் ஊதியமில்லாத் தண்டலாளராகவும் ஆகிவிடுகிறார்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மலேசியாவில் பொருள் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, இக்கேள்வி நாட்டின் ஒவ்வொரு கடைவாசலுக்கும் வந்தது. சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலைப்பாதையைக் கடந்து சென்றால் வரும் கோலா கிளாவாங் போன்ற சிறுநகர்களில், தோட்டப்புற மக்களை நம்பி மளிகைக் கடையும் உணவுக்கடையும் நடத்துவோர் அனைவரும் அதற்கு விடை காண வேண்டியவராயினர். ஆண்டு விற்பனை 500,000 வெள்ளியைத் தாண்டினால் பதிவு கட்டாயம் என்று சட்டம் கூறிற்று. இந்த வரம்பு எங்கிருந்து வந்தது, எதனை அளந்தது, அதற்குக் கீழே நின்றவர் உண்மையிலேயே வரியினின்று தப்பினாரா என்பவை வரலாற்றோடு சேர்த்து ஆராயத்தக்கவை.

தறியும் செக்கும்

வணிகரிடம் வரி கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்க அலுவலர் பொருள்களின்மேல் புலி இலச்சினை பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. சோழர் கல்வெட்டுகளில் தறி இறை, செக்கு இறை, அங்காடிப் பாட்டம், தட்டாரப் பாட்டம் என வரிப்பெயர்கள் பல காணப்படுகின்றன. முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்று போற்றப்பட்டதிலிருந்து, அவ்வரி மக்களால் எத்துணை உணரப்பட்டது என்பதையும் அறியலாம்.

இப்பெயர்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வரி தறியின் பெயராலும் செக்கின் பெயராலும் அங்காடியின் பெயராலும் விதிக்கப்பட்டது. இவை கண்ணுக்குத் தெரிபவை. ஊரில் எத்தனை தறி ஓடுகின்றன, எத்தனை செக்கு ஆடுகின்றன என்பதை எண்ண வணிகரின் கணக்கேடு வேண்டியதில்லை. ஓராண்டில் எவ்வளவு விற்றது என்பதோ கண்ணுக்குத் தெரியாதது. அதனை அறிய வேண்டுமாயின் வணிகர் கணக்கு எழுத வேண்டும். எழுதிய கணக்கை அரசு நம்பவோ சோதிக்கவோ வேண்டும். கருவியை எண்ணும் வரியிலிருந்து விற்பனையை எண்ணும் வரிக்கு மாறியபோதுதான், எவ்வளவு விற்பவரைக் கணக்குக் கேட்பது என்ற வரம்பும் உடன் தோன்றிற்று.

சென்னை மாகாணம், 1939

தமிழ் மண்ணில் அவ்வரம்பு சட்ட வடிவம் பெற்றது 1939ஆம் ஆண்டில். அப்போது சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் இராஜாஜி. 1937ஆம் ஆண்டு அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கியது. கள், சாராய வருவாய் குறையக் குறைய, அதனை ஈடுசெய்ய வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அதன் விளைவே சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் எல்லாப் பொருள்களின் விற்பனையையும் பொதுவாகத் தழுவிய முதற் சட்டம் இதுவே.

ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் குறைந்த வணிகருக்கு அச்சட்டம் வரி விதிக்கவில்லை. 20,000 ரூபாய் வரை விற்பவர் மாதம் 5 ரூபாய் செலுத்தினால் போதும். அதற்கு மேற்பட்டவரே விற்றுமுதலில் நூற்றுக்கு அரை வீதம் செலுத்தக் கடமைப்பட்டவர். மூன்று படிகளாக அமைந்த இவ்வேற்பாட்டின் நுட்பம் கருதத்தக்கது. மிகச் சிறியவரை அது தொடவில்லை. நடுத்தரத்தாரிடம் நுணுக்கமான கணக்குக் கேட்காமல் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டது. பெரியவரிடம் மட்டுமே விழுக்காடு கணித்தது. கணக்கு எழுதும் பாரம் தாங்கக்கூடியவர்மேல் மட்டும் அப்பாரத்தை வைத்த முறை அது.

எனினும் அவ்வரியில் ஒரு குறை இருந்தது. பொருள் கைமாறும் ஒவ்வொரு முறையும் முழு விலையின்மேல் வரி விழுந்தது. ஆலையிலிருந்து மொத்த வணிகருக்கும், அவரிடமிருந்து சில்லறை வணிகருக்கும், அவரிடமிருந்து வாங்குவோருக்கும் செல்லச் செல்ல வரியின்மேல் வரி ஏறிற்று. கை பல மாறிய பொருள் விலை கூடியதாகவும், நேரே வந்த பொருள் மலிவாகவும் ஆயிற்று. இக்குறையைக் களையும் முயற்சியே பிற்காலத்தில் மதிப்புக் கூட்டு வரி என்னும் முறைக்கு வழி வகுத்தது.

மலாயாவில் வேறு வழி

மலாயாவின் ஆங்கில ஆட்சிக்குக் கடைக்காரரின் விற்பனையை அளக்கும் தேவை எழவில்லை. ஈயம், ரப்பர் ஆகியவற்றின் ஏற்றுமதித் தீர்வையும், அபின், மது, புகையிலை ஆகியவற்றால் வந்த வருவாயும் அதற்குப் பெரும் ஆதாரமாக இருந்தன. ஈயச் சுரங்கத்தால் பெயர் பெற்ற ஜெலெபு மாவட்டமே இதற்குச் சான்று. துறைமுகத்தில் நின்று தீர்வை தண்டுவது, ஆயிரம் கடைகளில் ஏறி இறங்கிக் கணக்குப் பார்ப்பதைவிட எளிதன்றோ! வருமான வரி கூட மலாயாவில் நிலைபெற்றது 1948ஆம் ஆண்டில்தான்.

தோட்டப்புறக் கடையின் கணக்கோ வேறு வகையானது. கங்காணிமார் நடத்திய கடைகளிலும், பின்னர் தோட்டத்து வாயிலருகே தோன்றிய மளிகைக் கடைகளிலும் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் சம்பள நாளை நோக்கியே நடந்தது. அட்டையில் 555 என்ற எண் பொறித்த சிறு கைப்புத்தகம் அக்கணக்கின் அடையாளமாக விளங்கிற்று. யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அதில் இருக்கும். கடை ஓராண்டில் எவ்வளவு விற்றது என்பதை அதிலிருந்து எளிதில் கூட்டி எடுக்க இயலாது. கடன் கணக்குக்குப் பழகிய கடைக்கு விற்றுமுதல் கணக்கு அயலானது. 2015இல் எழுந்த இடர்ப்பாட்டின் வேர் இங்கே இருக்கிறது.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் நலம். 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி வணிகம் தொடங்கிய 30 நாள்களுக்குள் செய்ய வேண்டிய பதிவு வேறு. விற்பனை வரம்பைத் தாண்டியபின் செய்ய வேண்டிய வரிப் பதிவு வேறு. முன்னது சிறியவர் பெரியவர் என்று பாராமல் வணிகர் யாவர்க்கும் உரியது. ஒன்றைச் செய்ததால் மற்றொன்று தானே நிறைவேறிவிடாது.

சுதந்திர மலேசியா 1972ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் விற்பனை வரியையும், 1975ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சேவை வரியையும் கொண்டுவந்தது. விற்பனை வரி உற்பத்தியாளரிடமும் இறக்குமதியிலும் தண்டப்பட்டது. சேவை வரி தங்கும் விடுதி, உணவகம் முதலிய குறிப்பிட்ட தொழில்களுக்கு உரியதாயிற்று. வாங்கி விற்கும் சில்லறைக் கடைக்காரர் ஏட்டிற்கு வெளியே இருந்தார். நாற்பதாண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது.

மதிப்புக் கூட்டு வரி கேட்ட விலை

இதற்கிடையில் ஐரோப்பாவில் புதிய முறை வளர்ந்தது. பிரான்சு நாட்டின் வரித்துறை அலுவலர் மொரீஸ் லொரே வகுத்த திட்டப்படி, 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் மதிப்புக் கூட்டு வரி அங்கே சட்டமாயிற்று. அதன் அடிப்படை எளிது. வணிகர் தாம் விற்றபோது பெற்ற வரியிலிருந்து, கொள்முதலில் செலுத்திய வரியைக் கழித்துக்கொண்டு எஞ்சியதை அரசுக்குச் செலுத்துவார். ஆதலால் ஒவ்வொருவரும் தாம் கூட்டிய மதிப்பின் அளவுக்கே வரி செலுத்துகின்றனர். வரியின்மேல் வரி ஏறும் குறை நீங்குகிறது.

ஆனால் இந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கணக்கு வைத்திருக்க வேண்டும். பட்டியல் எழுதுவதும், சேமித்து வைப்பதும், தவணைதோறும் அறிக்கை தருவதும் பெரிய நிறுவனத்துக்கு ஓர் எழுத்தரின் வேலை. தனியாள் கடைக்கோ அவை இரவு நேரத்து உறக்கத்தைக் கெடுக்கும் வேலை. அரசுக்கும் இதில் செலவுண்டு. ஒரு சிறு கடையிலிருந்து வரும் வரியைவிட அதனைச் சோதிக்கும் செலவு மிகுமாயின் பயன் என்ன? ஆகவே இவ்வரியை ஏற்ற நாடுகள் பலவும் ஒரு வரம்பை வகுத்தன. பிரிட்டன் 1973இல் 5,000 பவுனில் தொடங்கி, 2024இல் அதனை 90,000 பவுனாக உயர்த்தியது. சிங்கப்பூர் 1994ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இவ்வரியைத் தொடங்கியபோதே 10 இலட்சம் டாலரை வரம்பாக வைத்தது. சிறியவர்பால் காட்டிய இரக்கத்தோடு அரசின் வசதியும் சேர்ந்தே இவ்வரம்புகளை வகுத்தது.

விற்றுமுதலா, இலாபமா?

மலேசியாவில் 2014ஆம் ஆண்டின் சட்டம் வகுத்த விதியை இனி நோக்கலாம். நடப்பு மாதத்தையும் அதற்கு முந்திய பதினொரு மாதங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அத்தொகை 500,000 வெள்ளியைத் தாண்டினால், அம்மாதம் முடிந்த 28 நாள்களுக்குள் சுங்கத்துறையிடம் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நடப்பு மாதத்தோடு வரவிருக்கும் பதினொரு மாதங்களைச் சேர்த்து நோக்கி, வரம்பைத் தாண்டும் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்தாலும் கடமை உண்டு. ஆகவே கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதன்று. மாதந்தோறும் நகர்ந்துகொண்டே செல்வது. ஆண்டு முடிவில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர் தவணை தவறியவராவார்.

இங்கே பலர் மயங்கிய இடம் ஒன்றுண்டு. 500,000 வெள்ளி என்பது இலாபம் அன்று, விற்ற தொகை. அதனை 365 நாள்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,370 வெள்ளி வரும். எடுத்துக்காட்டாக, ஒரு மளிகைக் கடையில் நாளொன்றுக்கு 1,400 வெள்ளிக்கு விற்பனை நடக்கிறது என்று கொள்வோம். ஆண்டு விற்பனை 511,000 வெள்ளி. செலவு போக நூற்றுக்கு 5 வெள்ளி மிஞ்சினால் ஆண்டுக்கு 25,550 வெள்ளி. மாதத்துக்கு ஏறத்தாழ 2,130 வெள்ளி. இவ்வளவே வருவாய் உடைய கடைக்காரர் சட்டத்தின் கண்ணில் பதிவுக்குரியவர். மாறாக, ஆண்டுக்கு 400,000 வெள்ளி பெற்று அதில் பாதியை வருவாயாகக் காணும் தொழிலர் பதிவுக்கு வெளியே நிற்கலாம். வருமான வரி மிச்சத்தைப் பார்க்கிறது. விற்பனை வரியின் வரம்பு கல்லாவைக் கடந்த பணம் முழுவதையும் பார்க்கிறது. இலாபம் குறைந்து விற்பனை மிகுந்த மளிகைத் தொழிலுக்கு இவ்வரம்பு இயல்பாகவே கடுமையானது.

மற்றொரு நுட்பமும் உண்டு. அரிசி, சர்க்கரை, உப்பு, சமையல் எண்ணெய், காய்கறி முதலியவற்றுக்கு வரி விழுக்காடு சுழியம் என்று வைக்கப்பட்டது. வரியே இல்லாத பொருள்தானே, அதன் விற்பனையைக் கூட்ட வேண்டியதில்லை என்று எண்ணத் தோன்றும். ஆனால் சுழிய விழுக்காட்டுப் பொருளும் வரிக்குட்பட்ட பொருளே என்பது சட்டத்தின் கொள்கை. ஆதலால் அரிசி விற்ற பணமும் வரம்புக் கணக்கில் சேர்ந்தது. குடியிருப்பு வீட்டு வாடகை போல முற்றிலும் விலக்குப் பெற்றவை மட்டுமே சேரவில்லை. சுழியம் வேறு, விலக்கு வேறு என்ற இவ்வேறுபாடு இலக்கணத்தில் ஓரெழுத்து வேறுபாடு போன்றது. சிறிதாகத் தோன்றினும் பொருளை மாற்றிவிடும்.

மேலும், பதிவு கடைக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. ஒருவர் பெயரில் மளிகைக் கடை ஒன்றும் உணவுக்கடை ஒன்றும் இருந்தால் இரண்டின் விற்பனையையும் கூட்ட வேண்டும். வரம்புக்குக் கீழே நிற்பதற்காக ஒரே கடையைக் குடும்பத்தார் பல பெயர்களில் பிரித்துக் காட்டுவதையும் சட்டம் எதிர்பார்த்திருந்தது. அவ்வாறு செயற்கையாகப் பிரித்தவற்றை ஒன்றாகக் கருதிப் பதிவு செய்ய ஆணையிடும் அதிகாரம் சுங்கத்துறைத் தலைமை இயக்குநருக்கு இருந்தது.

பதிவு பெற்ற கடைக்குக் கடன் விற்பனையும் ஒரு சிக்கலாயிற்று. பொது விதிப்படி பொருள் விற்ற காலத்துக்கே வரி கணக்கிடப்பட்டது. வாங்கியவர் பணம் தந்தாரா என்பதற்காக அது காத்திராது. வராக் கடனுக்காக வரியைத் திரும்பக் கேட்க ஆறு மாதம் கடக்க வேண்டும். 555 புத்தகத்தில் எழுதிப் பொருள் கொடுக்கும் கடைக்கு இது எத்தகைய நெருக்கடி என்பதை விளக்க வேண்டியதில்லை.

வரம்புக்குக் கீழே நிழல் உண்டா?

வரம்புக்குக் கீழே நின்றவருக்கு வரியே இல்லை என்பது அந்நாளில் பரவலாக நிலவிய எண்ணம். வரி வாங்காத கடை ஏன் விலையை ஏற்றியது என்று வாங்குவோர் ஐயுற்றதும் இதனாலேயே. ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும்.

மொத்த வணிகரிடம் 100 வெள்ளி விலையுள்ள சவர்க்காரத்தை இரு கடைக்காரர் வாங்குகின்றனர். இருவரும் நூற்றுக்கு 6 வீதம் வரி சேர்த்து 106 வெள்ளி கொடுக்கின்றனர். இருவரும் 10 வெள்ளி ஆதாயம் வைக்கின்றனர். பதிவு பெற்றவர் கொள்முதலில் கொடுத்த 6 வெள்ளியைக் கழித்துக்கொள்வார். அவருக்கு அடக்கம் 100, விலை 110, அதன்மேல் வரி 6.60, வாங்குவோர் கொடுப்பது 116.60 வெள்ளி. பதிவு பெறாதவருக்குக் கழிவு கிடையாது. அவருக்கு அடக்கம் 106. ஆதாயம் சேர்த்து விலை 116 வெள்ளி. வேறுபாடு 60 காசு மட்டுமே. அதாவது, அவர் கூட்டிய 10 வெள்ளியின்மேல் உள்ள வரியே விடுபட்டது. அதற்கு முந்திய வரி முழுவதும் விலைக்குள் மறைந்து அவர் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஆகவே பதிவு பெறாத சிறு கடைக்காரர் ரசீதில் வரியைக் காட்டவும் உரிமையற்றவர். விலையை ஏற்றாமல் இருக்கவும் வழியற்றவர். குற்றம் செய்யாமலே கொள்ளை இலாபக்காரர் என்ற பழிக்கு ஆளாகும் நிலை அது. தோட்டங்களுக்கும் நிறுவனங்களுக்கும் குத்தகை வேலை செய்த சிறு தொழிலருக்கு வேறொரு துன்பம். அவர் தரும் பட்டியலைக் கொண்டு நிறுவனம் வரிக் கழிவு பெற இயலாது. எனவே பதிவு பெற்றவரையே அது நாடும். இதனால் வரம்பை எட்டாதவரும் தாமே விரும்பிப் பதிவு செய்ய நேர்ந்தது. அவ்வாறு பதிந்தவர் குறைந்தது இரண்டாண்டு ஏட்டில் நிலைத்திருக்க வேண்டும் என்பது விதி.

வரம்பு மறைந்ததும் மீண்டதும்

2018ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில் ஆட்சி மாறிற்று. ஜூன் முதல் நாள் வரி சுழிய விழுக்காடாக்கப்பட்டது. செப்டம்பர் முதல் நாள் விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டன. வாங்கி விற்கும் மளிகைக் கடைக்காரர் மீண்டும் ஏட்டிற்கு வெளியே வந்தார். உற்பத்தியாளருக்கு 500,000 வெள்ளி வரம்பாக நின்றது. உணவகத்தின் வரம்பு 15 இலட்சம் வெள்ளி, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,110 வெள்ளி என்றாயிற்று. தோட்டப்புறச் சிறு உணவுக்கடைகள் இதனால் பெரிதும் விடுபட்டன.

அப்படியானால் வரம்பு உயர உயர நன்மைதானா? இலங்கை இதற்கு எச்சரிக்கையான விடை தருகிறது. அங்கே 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. 2020 ஜனவரியில் பதிவு வரம்பு ஆண்டுக்கு 1 கோடியே 20 இலட்சம் ரூபாயிலிருந்து 30 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிறியவரோடு நடுத்தர நிறுவனங்களும் பெருந்தொகையாக ஏட்டிலிருந்து வெளியேறின. அரசின் வருவாய் சரிந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இவ்வருவாய்ச் சரிவும் ஒன்று. பின்னர் 2022 அக்டோபரில் 8 கோடியாகவும், 2024 ஜனவரியில் 6 கோடியாகவும் வரம்பு இறக்கப்பட்டது. வரியோ 18 விழுக்காடாக ஏறிற்று. மிக உயர்ந்த வரம்பின் சுமையும் இறுதியில் வாங்குவோர் தலையிலேயே விழுந்தது.

மலேசியாவிலும் வரம்பு வேறு வடிவில் வந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் முதல் நாள், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களிலிருந்து மின்விலைப்பட்டியல் முறை படிப்படியாகத் தொடங்கியது. சிறியவருக்கான விலக்கு வரம்பு முதலில் 150,000 வெள்ளி, பின்னர் 500,000 வெள்ளி, அதன்பின் 10 இலட்சம் வெள்ளி என உயர்த்தப்பட்டது. வரியின் பெயர் மாறலாம், ஆட்சி மாறலாம், எவ்வளவு விற்பவரிடம் கணக்குக் கேட்பது என்ற கேள்வி மாறுவதில்லை.

தறியையும் செக்கையும் எண்ணிய காலத்தில் உழைப்பாளிக்குத் தம் வரி எவ்வளவு என்பது கண்ணெதிரே தெரிந்தது. இன்று அது கணக்கேட்டிற்குள் இருக்கிறது. ஏடு இல்லாதவருக்குத் தாம் வரம்பின் எப்பக்கம் நிற்கிறோம் என்பதே தெரியாது. தெரியாதவர் அஞ்சித் தேவையின்றிப் பதிவார். அல்லது அறியாமல் தவறித் தண்டம் கட்டுவார். பள்ளிக் கணக்குப் பாடத்தில் இலாப நட்டம் கற்பிக்கும்போது, விற்றுமுதல் வேறு, இலாபம் வேறு என்பதை ஒரு மளிகைக் கடையின் பன்னிரு மாதக் கணக்கைக் கொண்டு மாணாக்கரே கூட்டிப் பார்க்கும்படி செய்தல் ஆசிரியர்க்கு அரிதன்று. அன்றாட விற்பனையை அன்றன்றே ஒரு வரியில் எழுதி, மாதந்தோறும் கூட்டிவரும் பழக்கம் தோட்டப்புறக் கடைகளில் வேரூன்றுமாயின், அடுத்த வரம்பு எப்பெயரில் வந்தாலும் சிறு வணிகர் அதனைத் தெளிந்த கண்ணோடு எதிர்கொள்வார்.